ஒரே செல்லோ, பதினாறு அடுக்கு: ஜோயி கீட்டிங் போன வழியில் இன்று இன்னொருவர் போக முடியுமா?

நான்காம் தந்தி எழுதியது:

அவையோருக்கு வணக்கம். திரைப்படப் பாடல் பதிவுகளில், வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோவை வாசித்துப் பிழைப்பவன் நான். இசை நிறுவனம் எதையும் நாடாமல், செல்லோவை மட்டுமே கொண்டு ஆறு உருப்படிகள் அடங்கிய ஆல்பம் ஒன்றைச் சொந்தச் செலவில் வெளியிட எண்ணியிருக்கிறேன். இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஜோயி கீட்டிங்கைத்தான் கைகாட்டுகிறார்கள். கனடாவின் குவெல்ஃப் நகரில் 1972இல் பிறந்த அவர், எட்டு வயதில் செல்லோ கற்கத் தொடங்கியும் கடுமையான மேடை அச்சத்தால் செவ்வியல் இசையைத் தொழிலாகக் கொள்ளாமல், சான்பிரான்சிஸ்கோவில் பகலில் மென்பொருள் துறையிலும் இரவில் ஒரு கிடங்கில் தன்போக்கான வாசிப்பிலுமாகக் காலம் கழித்தவர். 2002 முதல் 2006 வரை ராஸ்புட்டினா என்ற செல்லோ ராக் குழுவில் வாசித்தபடியே, 2005இல் ‘ஒன் செல்லோ எக்ஸ் 16: நட்டோமா’ என்ற ஆல்பத்தைத் தாமே வெளியிட்டார். 2010இல் வந்த ‘இன்டு தி ட்ரீஸ்’ பில்போர்டு செவ்வியல் பட்டியலில் 7ஆம் இடம் வரை சென்றது. அதற்கும் பின்னால் நிறுவனம் எதுவும் இல்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒரு செல்லோவைப் பல அடுக்குகளாகப் பதிந்து சேர்க்கும் அந்த முறையை வீட்டு அறையிலேயே தரமாகச் செய்ய முடியுமா? அவருக்குக் கிடைத்த வருமானம் அந்தக் காலத்துக்கு மட்டுமே உரியதா, இன்றும் அதற்கு வழி இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒலிக்கூடத்தான் எழுதியது:

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. மைக்கின் விலையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், முதலில் அறையை அளந்து பாருங்கள். செல்லோவின் அடித்தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே எட்டரை முதல் எட்டேமுக்கால் அடி இருக்கும் அறையில், அந்த இடைவெளிக்கே உரிய முதல் ஒத்ததிர்வும் அதே 65 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் விழுகிறது. நம் வீட்டுப் படுக்கையறைகளில் கூரை உயரமோ அகலமோ இந்த அளவை நெருங்கிவிடுவது சாதாரணம். அடித்தந்தியைத் திறந்து வாசிக்கும்போது அந்த ஒரு சுரம் மட்டும் அறை முழுக்கப் பொங்கும், அதற்கு இரண்டு சுரம் மேலே போனால் ஒலி சட்டென்று மெலியும். வாசிப்பவர் தமது வில்லில்தான் கோளாறு என்று நினைத்து அழுத்தத் தொடங்குவார். நாற்காலியைச் சுவருக்கு இணையாகப் போடாமல் கோணலாகத் திருப்பி, அறையின் நடுப்புள்ளியையும் தவிர்த்துப் போட்டாலே பாதி நோய் தீரும். மீதிப் பாதிக்கு மூலைகளில் ஒலியை உறிஞ்சும் தடிமனான ராக்வுல் பலகைகள் வேண்டும். முட்டை அட்டை ஒட்டுவதால் இந்த அதிர்வெண்ணில் எந்தப் பயனும் இல்லை.

அடுக்குப் பதிவில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மின்விசிறி இரைச்சல், ஏசியின் உறுமல், தெருச் சத்தம் ஆகியவை ஒரு டிராக்கில் காதுக்கே எட்டாமல் இருக்கலாம். ஆனால் ஒரே அளவிலான இரைச்சல் பதினாறு டிராக்குகளில் சேரும்போது மொத்தம் 12 டெசிபெல் உயர்கிறது. மெதுவான உருப்படியில் அது மழை பெய்வதைப் போலத் தெளிவாகக் கேட்கும். மேலும், எல்லா அடுக்குகளையும் ஒரே மைக்கில் ஒரே தூரத்தில் பதிந்தால், பதினாறும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒலிக்கும். அடிப்படை ஒலிப்புக்கு மைக்கைக் குதிரையிலிருந்து (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) மூன்றடி தள்ளி வையுங்கள். வில்லின் உராய்வு தெரிய வேண்டிய தாள அடுக்குக்கு ஒன்றரை அடிக்குக் கொண்டுவாருங்கள். பின்னணியில் நிற்க வேண்டியதை அறையின் மறுகோடியிலிருந்து பதியுங்கள். மேல் அடுக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள். அங்கே இசை இல்லை, தரையை மிதிக்கும் சத்தம்தான் இருக்கிறது. செல்லோவின் ஊன்றுகம்பி மரப்பலகை மேல் நின்றால் பலகையும் சேர்ந்து ஒலிக்கும். சிமென்ட் தரையில் ஊன்றினால் ஒலி சற்று வறண்டாலும் அடுக்குவதற்கு அதுவே உகந்தது.

பழைய தட்டு எழுதியது:

தொழில்நுட்பம் பேசியவர் நன்றாகப் பேசினார். ஆனால் பதினாறு அடுக்கு எதற்கு என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லையே. ஒற்றைச் செல்லோவால் என்ன செய்ய முடியும் என்பதை 1915இலேயே ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாய் காட்டிவிட்டார். அவருடைய தனிச் செல்லோ சொனாட்டாவில் கீழ்த் தந்திகள் இரண்டையும் அரைச் சுரம் இறக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறார். அதனால் பெட்டியின் ஒலியே மாறுகிறது, ஒரு கை வில்லாலும் மறு கை மீட்டலாலும் இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றுகிறது. அதைச் செல்லோ கலைஞர் யானோஷ் ஷ்டார்கர் 1950ஆம் ஆண்டு வாக்கில் பதிந்தபோது ஒலிப்பதிவு செய்தவர் இசையமைப்பாளர் பார்டோக்கின் மகன் பீட்டர் பார்டோக். ஒரு கருவிதான், ஒலி கூட்டும் வித்தை எதுவும் இல்லை. தனிச் செல்லோவுக்காகப் பாக் எழுதிய ஆறு தொகுதிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செல்லோ மேதை காசல்ஸ் பதின்மூன்று வயதில் பார்சலோனாவின் பழைய கடையொன்றில் அந்தச் சுரத்தாள்களைக் கண்டெடுத்தவர், அவற்றைப் பதிவு செய்ய 1936 வரை காத்திருந்தார். கேட்பவர் மனத்தில் இரண்டாவது குரலை எழுப்புவதுதான் பாக்கின் கலை. அதைப் பதிந்தே ஒட்டிவிட்டால் கேட்பவருக்கு என்ன வேலை மிச்சம்?

அறையையும் இரைச்சலையும் பற்றிய கவலையெல்லாம் அடுக்கினால் வருபவை. அடுக்காமல் வாசித்தால் ஒரு நல்ல அறை, இரண்டு மைக், ஐந்து நாள் போதும்.

வில்லிசை மாணவி எழுதியது:

ஐயா, தங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனால் கீட்டிங்கின் மேடை வாசிப்பை ஒளிப்பதிவில் பார்த்த பிறகு அதைக் கத்தரித்து ஒட்டும் வேலை என்று என்னால் ஏற்க முடியவில்லை. அவர் மேடையில் முன்பதிவு செய்த இசைக்குத் துணையாக வாசிப்பதில்லை. கால் விசைகளாலும் மடிக்கணினியாலும், அவையோர் முன்னிலையிலேயே ஒவ்வோர் அடுக்கையும் பதிந்து, திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் அடுத்ததை வாசிக்கிறார். முதல் அடுக்கில் வில் அரை நொடி பிந்தினால் அந்தப் பிந்தல் உருப்படி முடியும்வரை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். சுருதி ஒரு நூல் விலகினாலும் அப்படியே. ஒற்றை வாசிப்பில் அடுத்த நொடியே மறந்துபோகும் பிழை இங்கே ஐந்து நிமிடம் நம்மோடு உட்கார்ந்திருக்கும். அதற்கு வேண்டிய கட்டுப்பாடு பாக் வாசிக்க வேண்டிய கட்டுப்பாட்டுக்குக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு குறிப்பு. மேடையிலும் இதே உருப்படிகளை வாசிக்கும் எண்ணம் இருந்தால், முதலில் கால் விசையில் வாசிக்கக்கூடிய வடிவத்தை அமைத்துக்கொண்டு பிறகு பதிவுக்குப் போங்கள். கணினியில் ஒலித் தாமதத்தைக் கவனியுங்கள். 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் பஃபரை (கணினி ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் அளவை) 128 மாதிரிகளாக வைத்தால் ஒரு வழிக்கு மூன்று மில்லிநொடிக்கும் குறைவு, அது கைக்குத் தெரியாது. 1,024 என்று வைத்தால் ஒரு வழிக்கே 21 மில்லிநொடி ஆகும், போக வர அது இரட்டிக்கும். அதில் தாளம் வாசிக்க இயலாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டாம் ஐயத்துக்கு வருகிறேன். கீட்டிங் மற்றவர்களிடமிருந்து வேறுபடுவது, தம் வரவுக் கணக்கைப் பொதுவில் வைத்தவர் என்பதால்தான். 2013ஆம் ஆண்டுக்கு அவர் வெளியிட்ட கணக்கின்படி, பதிவுகளின் விற்பனையிலிருந்து ஏறத்தாழ 75,000 டாலர் வந்தது. அதில் பாதியளவு ஐடியூன்ஸ் வழியாக வந்தது. அதே ஆண்டு ஸ்ட்ரீமிங் வழிகள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தது சுமார் 6,400 டாலர். ஸ்பாட்டிஃபையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை கேட்கப்பட்டதற்கு ஏறத்தாழ 1,760 டாலரும், யூடியூபில் 19 லட்சம் பார்வைகளுக்கு ஏறத்தாழ 1,250 டாலரும் வந்தன. கச்சேரி வருமானமும் படங்களுக்குக் கொடுக்கும் உரிமத் தொகையும் இதில் சேராதவை.

இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் வழக்கமாக ஸ்ட்ரீமிங் கொடுமையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. 75,000 டாலர் ஏன் அவர் கைக்கே வந்தது? இசையமைத்தவரும், வாசித்தவரும், பதிவின் உரிமையாளரும் ஒருவரே என்பதால். அமெரிக்காவில் இணைய வானொலிக்கான தொகையைப் பிரித்துக் கொடுக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் பங்கீட்டைப் பாருங்கள். பதிவின் உரிமையாளருக்கு 50 விழுக்காடு, முதன்மைக் கலைஞருக்கு 45, துணை வாசிப்பாளர்களுக்கான நிதிக்கு 5. நிறுவனத்தில் கையெழுத்திட்ட கலைஞருக்கு இதில் 45 மட்டும் கிடைக்கும். நிறுவனம் இல்லாதவருக்கு 95 கிடைக்கும். படத்துக்கோ விளம்பரத்துக்கோ ஒருவர் அந்த இசையைக் கேட்டு வந்தால், பாடலின் உரிமைக்கு ஒருவர், பதிவின் உரிமைக்கு இன்னொருவர் என்று இரண்டு கதவு தட்ட வேண்டியதில்லை. ஒரே மின்னஞ்சலில் பேச்சு முடிந்துவிடும்.

ஆகவே ‘பழைய தட்டு’ ஐயா அடுக்குகளை வெறும் வித்தை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதினாறு அடுக்கையும் தாமே வாசித்ததால்தான், ஒரு சிறு இசைக்குழுவின் ஒலி கிடைத்தும் அதில் பங்கு கேட்க இன்னொருவர் இல்லாமல் போனார். இசை வடிவமும் உரிமை வடிவமும் இங்கே ஒரே முடிவிலிருந்து பிறந்திருக்கின்றன. உங்கள் ஆல்பத்தில் ஒரு மிருதங்கமோ புல்லாங்குழலோ சேர்த்தால், இசைக்கு அது நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அன்றே எழுத்தில் ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். நட்பை நம்பி வாய்ச்சொல்லில் விட்ட பங்கீடு, ஐந்து ஆண்டு கழித்து ஒரு விளம்பர வாய்ப்பு வரும்போது வம்பில் முடிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய தட்டு எழுதியது:

கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அது பதிவிறக்கக் காலத்தின் கணக்கு. 2013இல் ஐடியூன்ஸில் காசு கொடுத்துப் பாடல் வாங்கினார்கள், இன்று யார் வாங்குகிறார்கள்? அந்த அம்மையாருக்கு ட்விட்டரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்தார்கள். ஆரம்பக் காலத்தில் ட்விட்டரே தன் பரிந்துரைப் பட்டியலில் அவரைச் சேர்த்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்த வாய்ப்பு நம் தம்பிக்கு வருமா? 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பதிவு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாவிட்டால் அந்தப் பதிவுக்குக் காசே கிடையாது.

என் கண்ணில் இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி செல்லோ கலைஞர் மாட் ஹைமோவிட்ஸ். பதினேழு வயதில் சிகாகோ சிம்பனியுடன் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்கு வாசித்தவர், அந்தப் பெரிய பெயரை விட்டுவிட்டு, 2000இல் இசையமைப்பாளர் லூனா பேர்ல் வுல்ஃபுடன் சேர்ந்து ஆக்ஸிங்கேல் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். அதில் முதலில் வந்தது பாக்கின் ஆறு தொகுதிகள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு மது விடுதிகளிலும் காப்பிக்கடைகளிலும், நியூயார்க்கில் பங்க் இசைக்குப் பேர்போன சிபிஜிபி அரங்கிலும் போய் வாசித்தார். பின்தொடர்வோர் பட்டாளம் இல்லாமல், ஊர் ஊராகப் போய்க் கேட்பவரை உண்டாக்கிக்கொண்டார். தனித்து நிற்பது என்றால் அதுதான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஹைமோவிட்ஸ் நல்ல எடுத்துக்காட்டுத்தான் ஐயா, மறுப்பில்லை. ஆனால் அவர் லேபிள் தொடங்கும்போது டாய்ச்ச கிராமஃபோன் தந்த பெயர் அவரோடு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ட்விட்டர் என்றால் மற்றவருக்கு அந்தப் பெயர்.

ஐடியூன்ஸ் விற்பனை வற்றிவிட்டது உண்மை. கலைஞர்கள் ரசிகருக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் வற்றவில்லை. டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு எடுத்துக்கொண்டு, பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதியைக் கொடுக்கிறது. வாங்கியவரின் மின்னஞ்சலையும் கலைஞருக்குத் தருகிறது. இந்த மின்னஞ்சல் பட்டியலை நான் பணத்தைவிட மேலாக மதிப்பேன். கம்பெனி 2022இல் எபிக் கேம்ஸுக்கும் 2023இல் சாங்ட்ரேடருக்கும் கைமாறியது, நாளை இன்னொருவரிடம் போகலாம், ஆனால் பட்டியல் உங்களிடம் இருக்கும். முந்நூறு பேர் கொண்ட பட்டியலிலிருந்து நூறு பேர் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினால், மாஸ்டரிங் செலவும் அட்டைப்படச் செலவும் பெரும்பாலும் தேறிவிடும். அதே தொகையை ஸ்ட்ரீமிங்கில் ஈட்ட எத்தனை பேர் எத்தனை முறை கேட்க வேண்டும் என்பதை மேலே தந்த 2013 கணக்கை வைத்து நீங்களே வகுத்துப் பார்க்கலாம்.

வில்லிசை மாணவி எழுதியது:

உரிமை பற்றிப் பேச்சு வந்ததால் 2015 ஜனவரி நிகழ்வையும் பதிவு செய்துவிடுகிறேன். யூடியூப் அப்போது மியூசிக் கீ என்ற கட்டணச் சேவையைத் தொடங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒப்பந்தத்தில் சேரும்படி தம்மிடம் சொல்லப்பட்ட நிபந்தனைகளைக் கீட்டிங் தம் வலைப்பதிவில் எழுதினார். தம் இசை முழுவதையும் அந்தச் சேவையில் சேர்க்க வேண்டும், புதிய இசையை வேறெங்கு வெளியிட்டாலும் அதே நேரத்தில் அங்கும் வெளியிட வேண்டும், ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு என்பவை அவற்றுள் சில. யூடியூப் தரப்பு அவர் சொன்னதை மறுத்தது, அவர் நடந்த உரையாடலையே எழுத்தில் வெளியிட்டார்.

இதில் அவர் பணம் போதாது என்று வாதிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ரசிகர்கள் தங்கள் நடனத்துக்கும் குறும்படத்துக்கும் அவருடைய இசையைப் பின்னணியாக வைத்து ஏற்றிய காணொளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றில் விளம்பரம் போடாமல் விட்டுவைப்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. புதிய உருப்படியை முதலில் பேண்ட்கேம்பில் தம் நெருங்கிய ரசிகருக்குக் கொடுத்து, பிறகு மற்ற இடங்களுக்கு அனுப்பும் வழக்கத்தையும் அவர் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. எப்போது, எங்கே, எந்த வரிசையில் என்பதைத் தாமே தீர்மானிப்பதற்காகத்தான் ஒருவர் நிறுவனத்தைத் தவிர்க்கிறார். அந்தத் தீர்மானத்தை ஒரு தளத்தின் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தத் தளமே நிறுவனமாகிவிடும்.

நான்காம் தந்தி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அறையை அளந்தேன், அகலம் எட்டேமுக்கால் அடியேதான்! நாற்காலியைக் கோணலாகத் திருப்பியதும் அடித்தந்தியின் பொங்கல் அடங்கியது தெளிவாகத் தெரிந்தது. மிருதங்கம் சேர்க்கும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன். உரிமைக் கணக்கைவிட, தாளத்தை வில்லின் அடிப்பகுதியால் தந்தியைத் தட்டியே உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அதற்குக் காரணம்.

இன்னும் இரண்டு கேள்விகள். ‘பழைய தட்டு’ ஐயாவின் சொல்லை முழுதாகத் தள்ள மனமில்லாமல், ஆறு உருப்படிகளுக்கு நடுவே பாக்கின் முதல் தொகுதியிலிருந்து சரபாந்து என்ற மெதுவான நடனப் பகுதியை மட்டும் அடுக்கில்லாமல் ஒற்றையாக வாசித்துச் சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். அதில் உரிமைச் சிக்கல் உண்டா? மூன்றாம் உருப்படியில் எஃப் சுரத்தை நீண்ட ஆதார சுருதியாக வைத்திருக்கிறேன், இரண்டு அடுக்கு சேர்ந்ததும் அது குமுறுகிறது, காரணம் புரியவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பாக்கின் இசைக்கு உரிமையாளர் இல்லை, உங்கள் வாசிப்பின் பதிவுக்கு நீங்களே உரிமையாளர். சட்டம் இதில் தெளிவு, இயந்திரம் தெளிவில்லை. 2018இல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தம் வீட்டில் பாக் வாசித்து ஃபேஸ்புக்கில் ஏற்றிய சிறு காணொளியை, சோனி நிறுவனத்துக்கு உரிமையான பதிவு என்று தானியங்கி முறை பிடித்துக்கொண்டது. அவர் ட்விட்டரில் பகிரங்கமாக முறையிட்ட பிறகே அது விலகியது. எல்லாரும் வாசித்த சுரங்கள் என்பதால் ஒலி ஒப்பீட்டில் இப்படி நேர்கிறது. வெளியீட்டுக்கு முன்பே ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் பதிவு அடையாள எண்ணை ஒவ்வொரு பதிவுக்கும் பெற்றுக்கொண்டு, வெட்டப்படாத மூல டேக்குகளைத் தேதியோடு பாதுகாத்து வையுங்கள். தகராறு வந்தால் சான்றாக உதவும். விநியோகப் படிவத்தில் இசையமைத்தவர் என்ற இடத்தில் பாக்கின் பெயரைத்தான் எழுத வேண்டும், அதில் உங்கள் பெயரை எழுதிவிட்டால் மற்ற உருப்படிகளின் மீதும் ஐயம் விழும்.

பழைய தட்டு எழுதியது:

சரபாந்தைச் சேர்ப்பது எனக்கு மகிழ்ச்சி. ஆல்பம் உடனே கேட்பாரைப் பெறாவிட்டாலும் சோர்ந்துவிட வேண்டாம் தம்பி. ஆர்தர் ரஸ்ஸல் செல்லோவும் தம் குரலும் எதிரொலியும் மட்டுமாக 1986இல் ‘வேர்ல்டு ஆஃப் எக்கோ’வைக் கொண்டுவந்தபோது கவனித்தவர் சிலரே. 1992இல், நாற்பது வயதில் அவர் மறைந்தார். 2004க்குப் பிறகு மறுவெளியீடுகள் வந்த பின்னர்தான் உலகம் அவரைத் தேடிக் கேட்கத் தொடங்கியது. கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இதை எந்தப் பத்தியில் எழுதுவார் என்று தெரியவில்லை.

ஒலிக்கூடத்தான் எழுதியது:

மூன்றாம் உருப்படியின் குமுறலுக்கு அறை காரணமில்லை, உங்கள் செல்லோவே காரணம். தந்தியின் அதிர்வும் பெட்டியின் இயல்பான ஒத்ததிர்வும் ஒரே சுரத்தில் மோதிக்கொள்ளும்போது வரும் ‘ஓநாய்ச் சுரம்’ அது. பெரும்பாலான செல்லோக்களில் ஈ (E) சுரத்துக்கும் எஃப் ஷார்ப் (F♯) சுரத்துக்கும் நடுவேதான் இருக்கும், கீழ்த் தந்திகள் இரண்டிலும் மேல்நிலையில் வாசிக்கும்போது நன்றாகத் தெரியும். ஒற்றை வாசிப்பில் கையழுத்தத்தால் அடக்கிவிடுவீர்கள். நீண்ட ஆதார சுருதியாக இரண்டு அடுக்கில் பதியும்போது இரண்டு குமுறலும் வெவ்வேறு வேகத்தில் துடிப்பதால் மறைக்க முடியாது. ஜி தந்தியில், குதிரைக்கும் வால்பட்டைக்கும் (தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பட்டை) இடைப்பட்ட பகுதியில் மாட்டும் சிறிய பித்தளைக் குழாய் கருவிக் கடைகளில் கிடைக்கும். அதைக் குதிரையை நோக்கி இம்மி இம்மியாக நகர்த்திப் பாருங்கள், குமுறல் அடங்கும் இடம் ஒன்று உண்டு. ஆனால் அந்த இடத்தில் ஜி தந்தியின் பளிச்சென்ற தன்மையும் கொஞ்சம் மங்கும். சரபாந்து ஜி மேஜரில் இருப்பதால், அதைப் பதியும் நாளில் குழாயைக் கழற்றிவிடுங்கள்.

நான்காம் தந்தி எழுதியது:

குழாய் வாங்கி மாட்டினேன், குமுறல் குறைந்தது, தாங்கள் சொன்னபடி ஜி தந்தி மங்கியது. எனவே அதைக் கழற்றிவிட்டு மூன்றாம் உருப்படியை எஃப் சுரத்திலிருந்து டி சுரத்துக்கு இறக்கிவிட்டேன். அங்கே திறந்த தந்தியே ஆதார சுருதியாக நிற்கிறது, இடது கைக்கும் ஓய்வு கிடைக்கிறது. முதல் நான்கு அடுக்குகள் பதிந்தாகிவிட்டன. மிக்ஸிங் செய்யாத வடிவத்தை வரும் வாரம் இந்த இழையிலேயே இணைக்கிறேன். மேல் அடுக்கில் 100 ஹெர்ட்ஸ் வெட்டு கூடுதலாக இருக்கிறதா என்பதை மட்டும் ஒலிக்கூடத்தான் அண்ணன் கேட்டுச் சொல்ல வேண்டும்.